கபில் தேவ் முதுகும் பும்ரா முதுகும்

பிசான அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆட்டங்கள் களைகட்டிவிடும். அடுத்த சில வாரங்களில், பாளையங்கோட்டையில் நான் நடத்தும் இயன்முறை மருத்துவ நிலையத்துக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு பையன்கள் வருவார்கள். கூட வரும் அப்பாக்கள் பலர் கேட்பது ஒன்றுதான்: “கபில் தேவ் முதுகுவலி என்று உட்கார்ந்தாரா சார்? பும்ராவுக்குத்தான் எப்போது பார்த்தாலும் ஓய்வு!”

கபில் விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான். வேகப்பந்து வீச்சாளராக 1978 முதல் 1994 வரை 131 டெஸ்ட், 434 விக்கெட். காயத்துக்காக ஒரு டெஸ்ட்கூட விட்டதில்லை. 1984இல் கல்கத்தாவில் ஆடாமல் போனதும் தேர்வுக்குழு நீக்கியதால்தான். ஆனால் அப்படி ஓர் உடம்பு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அவருக்குப் பின் வந்த வேகப்பந்து வீச்சாளர் ஸ்ரீநாத் 1997இல் தோள்பட்டைக் காயத்தால் மாதக்கணக்கில் வெளியே இருந்தார். 311 விக்கெட் எடுத்த ஜாகீர் கான், 2011 லார்ட்ஸ் டெஸ்டின் முதல் நாளிலேயே தொடைத் தசைக் காயத்தோடு வெளியேறினார். அந்தத் தொடரில் இங்கிலாந்திடம் இந்தியா 4-0 என்று தோற்றது. சென்னையில் ஸ்ரீநாத், ஜாகீர் இருவருக்கும் பயிற்சி தந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லியே 1973இல் முதுகெலும்பு விரிசலால் முடங்கி மீண்டவர்.

பும்ரா 44 டெஸ்டில் 200 விக்கெட்டைத் தொட்டபோது ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 20க்கும் கீழே. இதற்கிடையே 2019இல் முதுகெலும்பில் விரிசல், 2023இல் முதுகில் அறுவை சிகிச்சை. 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 150 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தவரால் கடைசி இன்னிங்சில் பந்து வீசவே முடியவில்லை. 2025இல் இங்கிலாந்தில் ஐந்தில் மூன்று டெஸ்ட் மட்டும் ஆடியதைச் சோம்பல் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பதினைந்து, பதினாறு வயதில் முதுகெலும்பு இன்னும் முற்றியிருக்காது. ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் தரையில் அறையும் கணத்தில் உடல் பின்வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. அத்தனை சுமையும் கீழ்முதுகு எலும்பின் பின்புறமுள்ள மெல்லிய பகுதியில் இறங்குகிறது. வலக்கையால் வீசுகிறவனுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டுவான். இடக்காலில் மட்டும் நின்று பின்னால் வளையச் சொன்னால் முகம் சுளித்துவிடும். இப்படி இருந்தால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் பல நேரம் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ. பார்த்தால்தான் தெரியும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சில மாதங்கள் பந்துவீச்சை நிறுத்தினால் பெரும்பாலும் எலும்பு ஒட்டிக் கூடிவிடும். இறுதிப்போட்டிக்காக வலி ஊசி போட்டு, பெல்ட் கட்டி இறக்கிவிட்டால் விரிசல் முழு முறிவாகலாம். சிலருக்கு அந்த எலும்பு பிறகு ஒட்டுவதே இல்லை.

பதினைந்து வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்குத் தொடர்ச்சியாக 6 ஓவர், ஒரு நாளைக்கு 12 ஓவர் என்று இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வரம்பு வைத்தது. நம் பையன்கள் காலையில் பள்ளி அணிக்கு, மாலையில் தெரு அணிக்கு, ஞாயிறன்று இரண்டு ஆட்டம் என்று வீசுகிறார்கள். பள்ளியில் வீசியது தெரு அணித் தலைவருக்குத் தெரியாது. வலைப் பயிற்சியை யாரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு எல்லா ஓவரையும் எழுதச் சொல்லுங்கள். தேர்வுக்காக இரண்டு மாதம் பந்தைத் தொடாதவனைத் தேர்வு முடிந்த மறுநாளே போட்டிக்கு அனுப்பாதீர்கள். முதல் வாரம் பயிற்சியில் சில ஓவர்கள் போதும், பிறகு வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.