முட்டைக்கோஸ் சூரியன், கடுகு பூமி

ஏழாம் வகுப்பில் சூரியக் குடும்பம் என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் நோட்டைத் திறந்து படம் வரைந்துவிடுவார்கள். ஓரத்தில் பாதிச் சூரியன், பக்கத்தில் எட்டுக் கோள்கள் ரயில்பெட்டி மாதிரி ஒட்டி ஒட்டி. பெயர்கள் வரிசை மாறாமல் மனப்பாடம். ஆனால் அந்தப் படத்தில் தூரம் முழுக்கத் தப்பு. புத்தகத்தின் மேல் குற்றமில்லை, கோள்களின் அளவையும் அவற்றுக்கு நடுவில் இருக்கிற தூரத்தையும் ஒரே பக்கத்தில் சேர்த்துக் காட்டவே முடியாது. அதற்கு ரோடு வேண்டும். கொடைக்கானலுக்கு மேலே, எங்கள் மேல்மலைப் பள்ளிக்கு முன்னால் நல்ல ரோடு இருக்கிறது.

கணக்கு ஒன்றுதான்: 1 லட்சம் கிலோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர். சூரியனின் விட்டம் ஏறக்குறைய 13.9 லட்சம் கி.மீ., அதாவது நமக்கு 14 செ.மீ. காட்டில் விளைந்த முட்டைக்கோஸில் சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்து, இரண்டு நோட்டுகளுக்கு நடுவே நிறுத்தி ஸ்கேலால் அளந்தோம். பூமி 12,742 கி.மீ., அது ஒன்றேகால் மில்லிமீட்டர், சின்னக் கடுகு. வெள்ளியும் கடுகுதான். புதன் ஒரு ரவை, செவ்வாய் ஒரு கசகசா, வியாழனுக்கு 14 மி.மீ. கோலிக்குண்டு, சனிக்கு அதைவிடக் கொஞ்சம் சின்னக் கோலி, யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஆளுக்கொரு மிளகு. எல்லாவற்றையும் தனித்தனி அட்டையில் பசை வைத்து ஒட்டிவிடுங்கள், ரவையைப் புல்லில் தவறவிட்டால் அவ்வளவுதான்.

கோஸைக் கொடிக்கம்பத்தின் மேடையில் வைத்தோம். கடுகை எங்கே வைப்பது என்று கேட்டேன். ஒரு சாண் என்றான் ஒருவன், இரண்டடி என்றாள் இன்னொருத்தி. டேப்பைப் பிடித்து நடந்தால் புதன் 5.8 மீட்டர், வெள்ளி 10.8, பூமி 15 மீட்டர். கடுகை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதுதான் எல்லாருக்கும் பேச்சு நின்றது. இத்தனூண்டு கடுகு, அவ்வளவு தள்ளி ஒரு கோஸ், நடுவில் இரண்டே புள்ளிகள், மற்றதெல்லாம் வெறும் மைதானம்.

இங்கே நின்று செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, சுண்டுவிரலால் கோஸை மறைக்கச் சொல்லுங்கள். விரலின் பாதி அகலத்துக்குள் கோஸ் அடங்கிவிடும். வானத்துச் சூரியனும் நம் கண்ணுக்கு அதே அகலம்தான், அரை டிகிரிக்குச் சற்று அதிகம். (சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. முழுநிலாவும் ஏறக்குறைய அதே அளவு, அதை இரவில் விரலால் மறைத்துப் பார்க்கட்டும்.) நம் கணக்கு சரியா என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது.

நிலா எங்கே என்று கேட்டார்கள். கடுகிலிருந்து 4 செ.மீ.கூட இல்லை. சந்திரயான்-3 போய் இறங்கியது அந்த விரற்கடைத் தூரம்தான். சூரியனை ஆராய 2023 செப்டம்பரில் கிளம்பிய விண்கலம் ஆதித்யா-எல்1 சூரியனுக்கே போய்விட்டது என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள், ஆனால் அது நிற்பது பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ.யில், நம் மைதானத்தில் கடுகிலிருந்து ஒரு ஸ்கேல் நீளத்தில், 15 செ.மீ. கோஸுக்கு இன்னும் 14 மீட்டருக்கு மேல் பாக்கி.

அப்புறம் நடை. செவ்வாய் 23 மீட்டர். அடுத்த கோள் வியாழன், அது 78 மீட்டர், பள்ளிக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டோம். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 ஆண்டு ஆகிறது. நம் மலையில் குறிஞ்சி பூப்பதும் 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2018-ல் பூத்தது, அடுத்து 2030. இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை, ஆனால் ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவில் வியாழன் ஒரு சுற்று முடித்துவிடும் என்று சொன்னால் மறக்கவே மாட்டார்கள். சனி 143 மீட்டர். யுரேனஸ் 287 மீட்டரில் நிற்கும்போது மஞ்சு இறங்கிவிட்டது, கோஸும் தெரியவில்லை, பள்ளியும் தெரியவில்லை. நெப்டியூன் மிளகை 450 மீட்டரில், ஒரு பூண்டுக் காட்டின் வேலியோரம் வைத்தோம்.

ஒளி எவ்வளவு வேகம் டீச்சர் என்று கேட்டாள் ஒரு பெண். நொடிக்கு 3 லட்சம் கி.மீ. அப்படியானால் இந்த ரோட்டில் நொடிக்கு 3 செ.மீ., கிட்டத்தட்ட எறும்பு ஊர்கிற வேகம்! கோஸிலிருந்து கிளம்பும் எறும்பு கடுகுக்கு வந்து சேர 500 நொடி, அதாவது 8 நிமிடம் 20 நொடி. நாங்கள் நின்ற மிளகுக்கு வர நாலு மணி நேரத்துக்கு மேல். காலைப் பிரார்த்தனைக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வந்து சேரும்.

மறுநாள் வெயில் அடித்தது, அதனால் இன்னொன்றும் செய்தோம். முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடி, நடுவில் அரை செ.மீ. சதுரம் மட்டும் விட்டுவிட்டு, வகுப்பறையை இருட்டாக்கி, கண்ணாடியை வெளியே வெயிலில் வைத்து, ஒளியைக் கதவு வழியாக உள்ளே சுவரில் விழ வைத்தோம். கண்ணாடியை யார் முகத்துக்கு நேரேயும் திருப்பக்கூடாது, அதற்குள் எட்டிப் பார்க்கவும் கூடாது, சுவரை மட்டுமே பார்க்க வேண்டும். ஓட்டை சதுரம், சுவரில் விழுவதோ வட்டம். சூரியனின் வலது ஓரத்து ஒளியும் இடது ஓரத்து ஒளியும் அந்தச் சதுரத்தில் பட்டுக் கொஞ்சம் வேறு வேறு திசையில் போகின்றன. கிட்டத்தில் அவை ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் சதுரமே தெரியும், தள்ளிப் போகப் போக விரிந்து சூரியனின் வட்டம் தெரிய ஆரம்பிக்கும். சுவருக்கும் கண்ணாடிக்கும் 15 மீட்டர் விட்டோம். வட்டத்தை அளந்த பையன் 14 செ.மீ., கொஞ்சம் கூட இருக்கு என்றான். அந்தக் கொஞ்சம் ஓட்டையின் அகலம். கோஸைக் கொண்டுபோய் அந்த வெளிச்சத்தின் மேல் பிடித்தார்கள், அச்சாகப் பொருந்தியது. தூரம் 107 பங்கு என்றால் அகலம் ஒரு பங்கு, மைதானத்திலும் சுவரிலும் வானத்திலும் அதே விகிதம்தான். 15 கோடி கி.மீ.யை 107-ஆல் வகுத்தால் சூரியனின் விட்டம் கிடைத்துவிடும், பிள்ளைகளே வகுத்தார்கள்.

பெரிய சூரியப் புள்ளி (சூரியனின் பரப்பில் சுற்றியுள்ளதைவிடச் சூடு குறைந்த இடம்) ஏதாவது இருக்கும் நாளில் அந்த வட்டத்தில் கறுப்பாகத் தெரியும். தாளை ஒட்டிப் பென்சிலால் குறித்துவைத்தால், நாளுக்கு நாள் அது நகர்வதைப் பார்க்கலாம், ஏனென்றால் சூரியன் சுமார் 27 நாளுக்கு ஒருமுறை நமக்கு முன்னால் சுழன்று வருகிறது. கொடைக்கானல் வானாய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வருவதும் இதே மாதிரித் தொடர்ந்து பார்ப்பதற்காகத்தான். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கிருந்துதான், புள்ளிகளில் வாயு உள்ளிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தார்.

கோஸைச் சமையல்கூடத்தில் கொடுக்கப் போகும்போது ஒருவன் கேட்டான், டீச்சர், அடுத்த நட்சத்திரத்தை எங்கே வைக்கணும்? மிக அருகில் இருக்கும் பிராக்சிமா சென்டாரி சிறியது, நம் கணக்கில் ஒரு நெல்லிக்காய். தூரத்தைப் பலகையில் அவர்களே போட்டார்கள், சைபர்களை இரண்டுமுறை எண்ணினார்கள். 4,000 கிலோமீட்டர். இந்திய வரைபடத்தை விரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் தாண்டியும் நெல்லிக்காய்க்கு இடம் வரவில்லை.