மாத்திரைக் கட்டத்தில் எழுதப்பட்ட சாக்லேட்

என்னிடம் முதல் முறை வருபவர்களுக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்புவேன். மூன்று நாள் வாயில் போட்டதையெல்லாம் நேரத்தோடு எழுதி வர வேண்டும். நடுவில் குடித்த அரை டம்ளர் டீயைக்கூட விடக் கூடாது. தாளின் அடியில் மாத்திரைகளுக்குத் தனியாக ஒரு கட்டம் உண்டு. போன வருடம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் அந்தத் தாளை அழகான கையெழுத்தில் நிரப்பிக் கொண்டு வந்தார். மாத்திரைக் கட்டத்தில் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் காலை ஒன்று, இரவு ஒன்று. பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று. அதற்கும் கீழே, "டார்க் சாக்லேட், இரவு 9 மணி, 4 துண்டு".

சாப்பாட்டுப் பக்கம் எழுத வேண்டியதை மாத்திரையோடு சேர்த்திருந்தார். கை தவறி எழுதியதல்ல. கேட்டதற்கு, "சுகருக்கும் பிரஷருக்கும் நல்லதுன்னு சொன்னாங்க மேடம். இனிப்புன்னு சாப்பிடலீங்க, மருந்துன்னுதான் சாப்பிடறேன்" என்றார். மகன் வெளிநாட்டிலிருந்து வரும்போதெல்லாம் பெட்டி நிறையக் கொண்டு வருகிறார். தீர்ந்துவிட்டால் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிக் கொள்கிறார். ஆறு மாதமாக ஒரு நாள்கூட விடவில்லை. அந்த ஆறு மாதத்தில் எடை மூன்று கிலோ கூடியிருந்தது, மூன்று மாத சர்க்கரை சராசரி 7.2-இலிருந்து 7.9-க்குப் போயிருந்தது. ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை என்றும் சொன்னார்.

பதினான்கு வருடமாகக் கோவையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். இந்த நான்கைந்து வருடத்தில் இதே கேள்வியைப் பலர் கேட்டுவிட்டார்கள். டார்க் சாக்லேட் உடம்புக்கு நல்லதா? அந்த அம்மாவிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர் கைப்பையில் இருந்த உறையை வாங்கிப் பிரித்தேன். முன்பக்கம் தங்க எழுத்தில் 50 சதவீதம் கோகோ. பின்பக்கம் பொடி எழுத்தில் உட்பொருள் பட்டியல். இந்தப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. முதல் சொல் சர்க்கரை. நூறு கிராமில் 46 கிராம். அவர் சாப்பிடும் நான்கு துண்டு 40 கிராம் வரும். அப்படியானால் தினமும் 18 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய நான்கு டீஸ்பூன். காபிக்குச் சர்க்கரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது என்று பெருமையாகச் சொன்னவர் அவர். நாளைக்கு இரண்டு காபி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்பூன். காபியில் விட்டதைப் போல இரண்டு மடங்கு சாக்லேட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தது. கலோரிக் கணக்கில் அந்த 40 கிராம் சுமார் 220. மூன்று இட்லிக்குச் சமம். இரவு எட்டு மணிக்கு இரண்டு சப்பாத்தி சாப்பிட்டு, ஒன்பது மணிக்கு அதற்கு மேல் மூன்று இட்லி.

"அப்போ பேப்பர்ல வர்றதெல்லாம் பொய்யா மேடம்?" என்று கேட்டார். முழுப் பொய் இல்லை. குழப்பம் எங்கே நடக்கிறது என்பதைப் பார்க்கப் பொள்ளாச்சி வரை போனால் போதும்.

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தின் தண்டிலேயே, பலா மாதிரி ஒட்டிக்கொண்டு காய் தொங்கும். பழுத்ததை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை மூடிய கொட்டைகள். சதை புளிப்பும் இனிப்புமாக நன்றாக இருக்கும். கொட்டையைக் கடித்தால்தான் தெரியும், உள்ளே கத்தரிப்பூ நிறம், வாயெல்லாம் இழுத்துப் பிடிக்கும் கசப்பும் துவர்ப்பும். கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கு தடித்துப் போகும். ஆராய்ச்சியாளர்கள் நல்லது என்று சொல்வது அந்தத் துவர்ப்பைத்தான். ஃபிளவனால் என்ற பொருள்கள் அவை. ரத்தக் குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாகச் சுரக்க உதவும், குழாய் கொஞ்சம் தளரும், ரத்தம் இலகுவாக ஓடும்.

ஆனால் பச்சைக் கொட்டை சாக்லேட் ஆகாது. ஐந்தாறு நாள் பெட்டியில் போட்டு மூடிப் புளிக்க வைக்கிறார்கள். வெயிலில் காய வைக்கிறார்கள். பிறகு வறுக்கிறார்கள். சாக்லேட் வாசனை பிறப்பது இப்படித்தான், ஃபிளவனால் குறைவதும் இதே வழியில்தான். அதோடு முடிவதில்லை. மிச்சக் கசப்பும் போக வேண்டும், நிறம் கருக்க வேண்டும், பாலில் நன்றாகக் கலக்க வேண்டும் என்று சோடா உப்பு மாதிரியான காரப்பொருள் சேர்க்கும் முறை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வான் ஹௌட்டன் கொண்டு வந்ததால் டச்சு முறை என்றே பெயர். கடையில் கிடைக்கும் கோகோ பொடிகளை வாங்கிச் சோதித்த ஒரு ஆய்வு 2008-இல் வந்தது. காரம் சேர்க்காத பொடியில் கிராமுக்குச் சுமார் 35 மில்லிகிராம் ஃபிளவனால். நன்றாகக் காரம் சேர்த்ததில் 4 மில்லிகிராம்தான். கருகருவென்று இருந்தால் சத்து அதிகம் என்று நாம் நினைக்கிறோம். பல சமயம் அந்தக் கருப்பு, சத்து போனதால் வந்த கருப்பு.

சதவீதத்தையும் நம்ப முடியாது. 70 சதவீதம் என்றால் கோகோவின் திடப்பொருளும், கொட்டையின் கொழுப்பான கோகோ வெண்ணெயும் சேர்ந்து 70. மீதி 30 பெரும்பாலும் சர்க்கரை. நூறிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் சர்க்கரை எவ்வளவு என்று தோராயமாகத் தெரிந்துவிடும், அந்த அளவுக்கு அது பயன்படும். ஃபிளவனால் எத்தனை மில்லிகிராம் என்பதை நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்த எந்த உறையிலும் போட்டதில்லை. டோஸ் தெரியாத ஒன்றை எப்படி மருந்து என்று சொல்வது?

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பனாமா நாட்டின் கரையோரத் தீவுகளில் குனா என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். வயதானாலும் அவர்களுக்கு ரத்த அழுத்தம் ஏறவில்லை என்பதையும், நகரத்துக்குக் குடிபெயர்ந்த அதே இனத்தவருக்கு ஏறுகிறது என்பதையும் ஹார்வர்டைச் சேர்ந்த நார்மன் ஹாலன்பர்க் 1997-இல் எழுதினார். தீவில் இருந்தவர்கள் அதிகம் பக்குவப்படுத்தாத கோகோவை நிறையக் குடித்தார்கள். அங்கிருந்துதான் இந்த ஆர்வம் சூடு பிடித்தது. அவர்கள் கோகோவைப் பானமாகக் குடித்தார்கள், தீவு வாழ்க்கை வாழ்ந்தார்கள். இரவு ஒன்பது மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து சாக்லேட் பார் சாப்பிட்டவர்கள் இல்லை.

பிறகு நிறையச் சோதனைகள் நடந்தன. அவற்றில் 35 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, கோகோ பொருள்களால் மேல் அழுத்தம் சராசரியாக 2 புள்ளிக்குள்தான் குறைகிறது. ஒரே ஒரு பிரஷர் மாத்திரை வழக்கமான அளவில் சுமார் 9 புள்ளி குறைக்கும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சாக்லேட் சாப்பிடுகிறேன் என்று பிரஷர் மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்ட ஒருவர் என்னிடம் வந்தார். தலை சுற்றுகிறது என்று வந்தவருக்கு மேல் அழுத்தம் 170 இருந்தது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரையைக் குறைப்பதென்றால் அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

இன்னொரு பெரிய ஆய்வு, காஸ்மாஸ் என்று பெயர், அமெரிக்காவில் 21,442 பேரை வைத்து நடந்து 2022-இல் வெளிவந்தது. ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் ஃபிளவனால் கொடுத்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்ற எல்லாவற்றையும் சேர்த்து எண்ணியபோது கிடைத்த குறைவு, உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதய நோயால் வரும் மரணத்தை மட்டும் தனியே பார்த்தால் 27 சதவீதம் குறைவு. நம்பிக்கை தரும் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது சர்க்கரையும் கொழுப்பும் இல்லாத கேப்ஸ்யூல். அந்த ஆய்வுக்கு உதவியவர்களில் ஒரு சாக்லேட் நிறுவனக் குழுமமும் உண்டு. தலைப்புச் செய்தியில் கேப்ஸ்யூல் காணாமல் போய்விடுகிறது, சாக்லேட் மட்டும் மிஞ்சுகிறது.

சர்க்கரை நோயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அந்த அம்மா அதைத்தான் விடாமல் கேட்டார். வாரம் ஐந்து முறையாவது டார்க் சாக்லேட் சாப்பிடுகிறவர்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் வருவது 21 சதவீதம் குறைவு என்று 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. பல வருடம் மக்களைத் தொடர்ந்து பார்த்து எழுதியது. டார்க் சாக்லேட்டைத் தேடி வாங்குகிறவர்கள் வேறு பல நல்ல பழக்கமும் உள்ளவர்களாக இருப்பார்கள். அதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்திருக்கிறார்கள், ஆனாலும் முழுதாகக் கழிக்க முடியாது. அதைவிட முக்கியமானது, அது நோய் வராதவர்களைப் பற்றிய ஆய்வு. ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் சாக்லேட் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும் என்று அது சொல்லவே இல்லை.

இப்படிச் செய்தி எப்படிப் பரவுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் 2015-இல் வேண்டுமென்றே ஒரு மோசமான ஆய்வை நடத்தினார். பதினைந்தே பேர், மூன்று வாரம், ஆளுக்குப் பதினெட்டு வகை அளவீடு. அத்தனை அளந்தால் ஏதாவது ஒன்று தற்செயலாக நன்றாக அமையத்தானே செய்யும்? சாக்லேட் சாப்பிட்டால் எடை வேகமாகக் குறையும் என்று வெளியிட்டார். பல நாட்டுப் பத்திரிகைகள் சரிபார்க்காமல் போட்டன. பிறகு அவரே உண்மையை எழுதினார். ஆனாலும் "டார்க் சாக்லேட் சாப்பிட்டால் எடை குறையுமாமே" என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள்.

கர்ப்பிணிப் பெண்களின் வீட்டாருக்கு ஒரு விஷயம். டார்க் சாக்லேட்டில் இரும்புச் சத்து இருக்கிறது என்று ரத்தசோகைக்கு வாங்கித் தருகிறார்கள். இருப்பது உண்மை, 100 கிராமில் 12 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஆனால் அதே கோகோவில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் இரும்பை உடம்பில் சேர விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும், டீ செய்வதைப் போலவே. ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 8.6 இருந்த ஒரு பெண், இரும்பு மாத்திரையை விழுங்கிவிட்டு வாய்க்கசப்புக்கு உடனே ஒரு துண்டு சாக்லேட் போட்டுக் கொண்டிருந்தாள். மாமியார் பாசத்தோடு கொடுத்த துண்டு. அதை எலுமிச்சைச் சாறாக மாற்றினோம். மாத்திரைக்கும் சாக்லேட், டீ, காபிக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள்.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தினமும் சாப்பிட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு 2022-இல் 28 டார்க் சாக்லேட்களைச் சோதித்தபோது எல்லாவற்றிலும் ஈயமும் காட்மியமும் இருந்தன. அவற்றில் 23, நாளைக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் சாப்பிட்டாலே அவர்கள் எடுத்துக்கொண்ட பாதுகாப்பு அளவைத் தாண்டின. காட்மியம் மண்ணிலிருந்து கொட்டைக்குள் ஏறுகிறது. ஈயம் பெரும்பாலும் காய வைக்கும்போது படியும் தூசியிலிருந்து. கோகோ அதிகமாக ஆக இவையும் அதிகமாகும் வாய்ப்பு உண்டு. எப்போதோ ஒரு துண்டு சாப்பிடுகிறவர் இதற்குப் பயப்பட வேண்டியதில்லை, தினசரி மருந்தாக்கிக்கொண்டவர் யோசிக்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம், ஆக்சலேட் கல் வருகிறவர்களுக்கு ஆக்சலேட், நெஞ்செரிச்சல்காரர்களுக்கு எதுக்களிப்பு. இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். அப்புறம் தூக்கம். ஆசிரியை அம்மா சாப்பிட்ட அளவில் 20, 30 மில்லிகிராம் காஃபினும், அதைவிடப் பல மடங்கு, காஃபினின் உறவான தியோபுரோமினும் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு அது எதற்கு?

பிடித்துச் சாப்பிடுகிறவர்களிடம் நான் விடச் சொல்வதில்லை. இனிப்பு என்று தெரிந்து சாப்பிடச் சொல்கிறேன். ஒரு துண்டு, 10 கிராம், மதியச் சாப்பாடு முடிந்ததும், வாரத்தில் மூன்று நாள். கடிக்காமல் நாக்கில் வைத்துக் கரைய விட்டால் அந்த ஒன்று போதும். வாங்கும்போது பட்டியலின் முதல் சொல் சர்க்கரையாக இருந்தால் வைத்துவிடுங்கள். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி போன்ற தாவரக் கொழுப்பு போட்ட காம்பவுண்ட் கட்டிகளும் பார்க்க அசல் மாதிரியே இருக்கும், அவையும் வேண்டாம். அமிலத்தன்மை சீராக்கி என்ற பெயருக்குப் பக்கத்தில் 500 அல்லது 501 என்ற எண் இருந்தால், காரம் சேர்த்த கோகோ என்று எடுத்துக்கொள்ளலாம். இதய நலத்துக்காக மட்டும் என்றால் 300 ரூபாய் கொடுத்து சாக்லேட் வாங்க வேண்டிய தேவையே இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு மாதத்துக்கான வேர்க்கடலையும், கூடவே கொய்யாப்பழமும் வரும்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா திரும்ப வந்தார். இரவு சாக்லேட் போய்விட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம் மொட்டை மாடியில் நடக்கிறார். சராசரி 7.3. தாளில் மாத்திரைக் கட்டத்தில் மாத்திரைகள் மட்டும். சாப்பாட்டுப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு நேரே, "சாக்லேட் 1 துண்டு, பேரனோடு" என்று எழுதியிருந்தார். மகன் தை மாதம் வருகிறானாம், இந்த முறை என்ன வாங்கி வரச் சொல்லட்டும் என்று கேட்டார். பாதம் அழுந்தாத, முன்பக்கம் அகலமான நடைப்பயிற்சி ஷூ ஒன்று சொல்லுங்கள் என்றேன். கால் அளவை என் மேசையிலேயே, அந்தத் தாளின் ஓரத்தில், எழுதிக்கொண்டு போனார்.