லெப்டோஸ்பைரோசிஸ்: எலிக்காய்ச்சல்

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் லெப்டோஸ்பைரோசிஸ் என்று இருப்பதைத்தான் பேச்சில் எலிக்காய்ச்சல் என்கிறோம். கிரேக்க மொழியில் லெப்டோஸ் என்றால் மெல்லியது, ஸ்பைரா என்றால் சுருள். கிருமியின் உருவமே பெயராகிவிட்டது. அதில் ஓர் இனத்தின் நுனி கொக்கி போல வளைந்து கேள்விக்குறியாகத் தெரியும். அதனால் அதற்கு இன்டெரோகன்ஸ் என்று பெயர். மஞ்சள்காமாலையோடு வரும் கடுமையான வகைக்கு, 1886இல் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அடோல்ஃப் வைலின் பெயரால் 'வைல் நோய்' என்ற பெயரும் உண்டு.

சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'மென்சுருளி நோய்' எனலாம். பாடநூலுக்குச் சரி. மக்களுக்கு எலிக்காய்ச்சல்தான் பொருத்தம். எங்கே கவனம் வேண்டும் என்பதையும் அது சொல்லிவிடுகிறது. ஆனால் எலி கடித்து வருவது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது வேறு நோய், மிக அரியது. அதை எலிக்கடிக் காய்ச்சல் என்று தனியே சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் வருகிறது. மாடு, நாய், பன்றியின் சிறுநீரிலும் இந்தக் கிருமி இருக்கலாம்.

எலியால் பரவும் நோய் என்றதும் பிளேக்தான் நினைவுக்கு வரும். பிளேக் போன்ற நோய்களுக்கு அஞ்சி, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்துக் கண்காணித்த காலம் ஒன்று இருந்தது. பிளேக் இன்று அரிதாகிவிட்டது. எலிக்காய்ச்சலையும் அந்த வரிசையில் வைப்பது தவறு. உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேருக்கு வருகிறது, ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது 2015இல் வெளியான மதிப்பீடு. டெங்கு போலவே தொடங்குவதால் பல நேரம் இனம் தெரியாமலே போகிறது.

கடல் தண்ணீரில் இந்தக் கிருமி நெடுநாள் தாங்காது. நன்னீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே பாம்பனிலோ தொண்டியிலோ ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வலைக் கொட்டகையைச் சுற்றித் தேங்கும் தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும். மீன் கழிவு கிடக்கும் இடத்தில் எலிக்குக் குறைவிராது. செதில், முள், நரம்பு வலை கீறிய கைகால் வழியே கிருமி எளிதாக உள்ளே போகும். திருவாடானைப் பக்கம் வயலில் இறங்குபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

காய்ச்சலோடு கெண்டைக்கால் தாங்க முடியாமல் வலித்தாலோ, கண் சிவந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காமாலை தெரிந்ததும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருப்பது இங்கே வழக்கம். அதற்குள் சிறுநீரகம் கெட்டுவிடலாம். தண்ணீரில் நின்று வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கொடுத்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற பழைய மருந்துகளே நன்றாகக் கேட்கும்.