வட்டு: ஒரு சொல் விளக்கம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர்த் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால், 'மெமரி ஃபுல்' என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் நிறைந்திருப்பது மெமரி அல்ல, டிஸ்க். மெமரி என்பது ரேம்; தமிழில் நினைவகம். மின்சாரம் போனால் அதில் இருப்பதும் போகும். படங்களும் கோப்புகளும் நிலையாகத் தங்குவது டிஸ்கில். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, டிஸ்க் நிறைந்ததற்கு ரேம் வாங்கிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு. அதனால்தான் டிஸ்க், அதாவது வட்டு, என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படுகிறது.

வீசி எறியும் வட்டத்தட்டைக் கிரேக்கர்கள் 'டிஸ்கோஸ்' என்றார்கள். லத்தீனில் அது 'டிஸ்கஸ்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சாப்பாட்டுத் தட்டைக் குறிக்கும் 'டிஷ்', மேசையைக் குறிக்கும் 'டெஸ்க்' இரண்டும் அதே வேரில் பிறந்தவை. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. அத்தனை தட்டுகளிலும் சேர்த்துக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள்தான். பின்னாளில் வளையும் ஃபிளாப்பி வந்தபோது, வளையாததைப் பிரித்துச் சொல்ல 'ஹார்ட்' என்ற அடைமொழி நிலைத்தது.

ஹார்ட் டிஸ்குக்குத் தமிழில் வன்தட்டு, வன்வட்டு, நிலைவட்டு மூன்றும் புழங்குகின்றன. நான் வட்டின் பக்கம். தட்டு என்றால் சோற்றுத்தட்டும் அதுதான், அடுக்குத்தட்டும் அதுதான். வட்டு பழைய சொல். 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்கிறது 401ஆம் குறள். அங்கே வட்டாடுதலுக்குப் பரிமேலழகர் தரும் பொருள் உண்டை உருட்டல். உருண்டையைக் குறித்த சொல் தட்டையான வட்டத்துக்கும் வந்தது. கருப்பட்டி வட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது. நெகிழ்வட்டு (ஃபிளாப்பி), குறுவட்டு (சி.டி.), வன்வட்டு என்று ஒரே குடும்பமாகச் சொற்களை அமைக்கவும் இது இடம் தருகிறது.

சித்தூர்த் தாலுகாவில் மட்டும் இதற்கு ஒரு தடை உண்டு. மலையாளப் பேச்சில் 'வட்டு' என்றால் கிறுக்கு. 'நினக்கு வட்டாணோ?' என்று கேட்டுப் பழகிய காதில், 'வட்டு நிறைஞ்சுபோச்சு' வேறு மாதிரி விழும். அதற்காக ஒரு நல்ல சொல்லை விட்டுவிடலாகாது. வன்வட்டு என்று அடைமொழியோடு சொன்னால் போதும். தமிழ்வழிப் பிள்ளைகள் வகுப்பில் கூசாமல் சொல்லலாம்.

வட்டு என்ற பெயர் அது வேலை செய்யும் விதத்தையும் காட்டுகிறது. உள்ளே தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, ஒரு முனை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. இடம் குறையக் குறைய, புதுக் கோப்பு கிடைத்த சந்துகளில் துண்டுதுண்டாக எழுதப்படும். முனை அங்கும் இங்கும் அலைவதால் வேகம் குறைகிறது. ரேம் போதாதபோது விண்டோஸ் தன் வேலைக்கு வட்டிலிருந்தே கொஞ்சம் கடன் வாங்கும். சி டிரைவில் காலியிடம் இல்லையென்றால் அதுவும் முடியாது.

இப்போது வரும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் எதுவுமே இல்லை. அதை வட்டு என்பது பொருந்தாது. திண்மநிலைச் சேமிப்பகம் என்பதே சரி. இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல. சிதறிய துண்டுகளைச் சேர்க்கும் டிஃபிராக் வேலை வட்டுக்குப் பயன்படும். எஸ்.எஸ்.டி.க்கு அது வேண்டாம். தேவையின்றி எழுதி எழுதித் தேய்மானம்தான் மிச்சம். ஆனால் காலியிடம் அதற்கும் வேண்டும். பழையதை அழித்த பிறகே புதியதை எழுத முடியும் என்பதால், நிறைந்துவிட்டால் அதுவும் திணறும்.

'டிஸ்க் ஸ்பேஸ்' என்பதற்கு, இரண்டு வகைக்கும் பொதுவாக, சேமிப்பிடம் என்று சொல்லலாம். அதை விடுவிக்க முதலில் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். பிறகு விண்டோஸ் அமைப்புகளில் சேமிப்பகம் பக்கத்தைத் திறந்து தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின் தங்கும் 'விண்டோஸ்.ஓல்ட்' பல ஜிகாபைட் பிடித்திருக்கும். பழைய பதிப்புக்குத் திரும்பும் எண்ணம் இல்லையென்றால் அதையும் நீக்கலாம். அதே பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற பெயரும் நிற்கும். அதைத் தொடும் முன் உள்ளே திறந்து பாருங்கள். இறக்கி வைத்த சாதிச் சான்றிதழும் பட்டா நகலும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.