பெம் என்பது களைப்பு அல்ல

நாட்பட்ட களைப்பு நோயின் முக்கிய அடையாளம் 'போஸ்ட் எக்ஸர்ஷனல் மலேஸ்', சுருக்கமாக பெம். அவசரமாக மொழிபெயர்த்தால் 'உழைப்புக்குப் பிந்தைய களைப்பு' என்று வரும். அங்கேதான் சிக்கல்.

களைப்பு ஆறும். அதற்கென்றே 'களைப்பாறுதல்' என்று சொல் வைத்திருக்கிறோம். சற்று உட்கார்ந்தாலோ தூங்கி எழுந்தாலோ போய்விடும். பெம் அப்படி ஆறாது. மாடிப்படி ஏறியதோ, குளித்ததோ, ஒரு மணி நேரம் ஊன்றிப் படித்ததோ போதும். அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது. பலருக்கு 12 முதல் 48 மணி நேரம் கழித்து வந்து அமுக்கும். வலி, தலைசுற்றல், தொண்டை வலி, மூளை மந்தம், தூக்கக்கேடு என ஏற்கெனவே இருப்பதெல்லாம் ஒன்றாக ஏறும். நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் நீளும்.

களைப்பு என்று பெயர் வைத்துவிட்டால், 'தினம் கொஞ்சம் கூட நடந்து பழகு' என்ற அறிவுரை பின்னாலேயே வந்துவிடும். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் அந்தச் சிகிச்சையை இந்த நோய்க்குத் தரவேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021இல் சொல்லிவிட்டது. இந்த நோய்க்கான 1994 வரையறையில் பெம் எட்டு அறிகுறிகளில் ஒன்றாக, இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி என்ற நிலையில் இருந்தது. 2015இல் அமெரிக்காவின் 'இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்' அமைப்பின் அறிக்கை அதைக் கட்டாயமாக்கியது.

'மலேஸ்' பிரெஞ்சுச் சொல்: 'மால்' கேடு, 'எய்ஸ்' சுகம். நம் 'சுகக்கேடு' அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இரண்டுமே 'உடம்பு ஒரு மாதிரியா இருக்கு' என்ற அளவில்தான் ஒலிக்கின்றன. படுக்கையில் கிடப்பவருக்கு அது போதாது. அவர்கள் 'கிராஷ்' என்கிறார்கள். மருத்துவ எழுத்திலும் இப்போது 'அறிகுறிகள் மோசமாதல்' என்ற பொருளில் வேறொரு பெயர் பரவுகிறது.

சரி, தமிழில்? 'உழைப்பு' இருக்கட்டும். பல் துலக்குவது உழைப்பா என்று கேட்கலாம். ஆனால் 'உழத்தல்' என்ற பழஞ்சொல்லுக்கு வருந்துதல் என்றும் பொருள் உண்டு, மன உழைப்பும் அதில் அடங்கும். அடுத்த பாதிக்கு முதலில் 'நோய்மிகை' என்றுதான் யோசித்தேன். ஆனால் 'மிகைப்படுத்துகிறாய்' என்று கேட்டுக்கேட்டுச் சலித்தவர்களிடம் அந்தச் சொல்லை நீட்ட மனம் வரவில்லை. 'நோயேற்றம்' மேல். ஏறியது இறங்கவும் கூடும் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது.

ஆக, எழுத்தில் 'உழைப்புப்பின் நோயேற்றம்'. பேச்சில் இவ்வளவு நீளம் எதற்கு? 'முந்தாநாள் கொஞ்சம் அதிகமாச் செஞ்சுட்டேன், இன்னிக்கு நோய் ஏறிடுச்சு' என்றால் போதும்.