மருந்து வந்தது முன்னே, ஹார்மோன் வந்தது பின்னே

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். வளர்ச்சி ஹார்மோன் கலந்தது என்று கடையில் ஒரு மாவு விற்கிறார்கள். பாலில் கலந்து கொடுத்தால் உயரமாவானா?"

ஆகமாட்டான். வளர்ச்சி ஹார்மோன் 191 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். முட்டையையும் பருப்பையும் செரிப்பது போலவே வயிறு அதையும் துண்டு துண்டாக்கிவிடும். உண்மையிலேயே குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதை ஊசியாகவே போடுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் வாய்வழியே எதையாவது கொடுத்து, மூளையின் அடியில் உள்ள நம் பிட்யூட்டரி சுரப்பி தன் வளர்ச்சி ஹார்மோனைத் தானே சுரக்கும்படி செய்ய முடியுமா என்று கேட்டால், அது மருந்து வேதியியலில் பலருடைய வாழ்நாள் உழைப்பைத் தொடும் கேள்வியாகிவிடுகிறது.

அவர்களுள் முதலில் சொல்லவேண்டியவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், துலேன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சிரில் பவர்ஸ். மூளையில் வலியைத் தணிக்கும் என்கெஃபலின் என்ற ஐந்து அமினோ அமிலச் சங்கிலி 1975-இல் கண்டறியப்பட்டதும், அவருடைய குழு அதன் இரண்டாம் இடத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தின் கண்ணாடிப் பிம்ப வடிவத்தைப் பொருத்திப் பார்த்தது. வலி தணிக்கும் குணம் போய்விட்டது. ஆனால் சோதனைத் தட்டில் இருந்த எலியின் பிட்யூட்டரி செல்கள் வளர்ச்சி ஹார்மோனைச் சிறிதளவு வெளியிட்டன. அந்தச் சிறிய விளைவை அலட்சியம் செய்யாமல், ஓர் அமினோ அமிலத்தை எடுத்து இன்னொன்றை வைத்து வலுவைக் கூட்டிக்கொண்டே சென்ற அவர்கள், ஆறே அமினோ அமிலங்கள் கொண்ட ஜிஹெச்ஆர்பி-6 என்ற சேர்மத்தை 1984-இல் வெளியிட்டார்கள். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் சொல்லி மூளை இயல்பாக அனுப்பும் தூண்டு ஹார்மோன் 1982-இலேயே தெரிந்திருந்தது. ஆனால் இச்சேர்மம் அதனோடு சேரும்போது விளைவு பன்மடங்கானதால், இது தொடுவது வேறொரு ஏற்பியாகத்தான் (செல்லில் ஹார்மோன் வந்து பொருந்தும் புரதம்) இருக்கவேண்டும் என்பது புலனாயிற்று. சாவி கையில் இருந்தது. பூட்டு எங்கே என்று தெரியவில்லை.

அடுத்த கட்டம் விரைவாக நடந்தது. மெர்க் என்ற மருந்து நிறுவனத்தின் வேதியியலார், பெப்டைடே (அமினோ அமிலச் சங்கிலியே) அல்லாத சிறு மூலக்கூறுகளைத் தேடி, விழுங்கினாலும் சிதையாத எம்கே-0677 என்ற சேர்மத்தை 1995-இல் அறிவித்தார்கள். 1996-இல் அதைக் கொண்டே பூட்டையும், அதாவது ஏற்பியையும், கண்டுபிடித்தார்கள். மனிதன் செய்த சாவிக்கு உடலில் ஒரு பூட்டு இருக்குமானால், உடலே செய்த சாவி ஒன்றும் இருந்தாக வேண்டுமல்லவா?

அதைத் தேடியவர்கள் ஜப்பானின் மசயாசு கொஜிமாவும் கென்ஜி கங்காவாவும். ஏற்பியைச் செல்களில் பொருத்தி, எலியின் ஒவ்வோர் உறுப்பின் சாற்றையும் அவற்றின்மேல் இட்டு, செல்லுக்குள் கால்சியம் உயர்கிறதா என்று பார்த்தார்கள். மூளையில் கிடைக்கும் என்று எதிர்பார்த்தது இரைப்பையில் கிடைத்தது. 28 அமினோ அமிலங்கள் கொண்ட அச்சங்கிலியின் வரிசையைப் படித்து, அதே வரிசையை ஆய்வகத்தில் செய்து ஏற்பியிடம் கொடுத்தபோது, அது அசையவே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டையும் எடைபோட்டபோது, இரைப்பையிலிருந்து வந்தது 126 அலகு கூடுதலாக இருந்தது. பிளஸ் டூ மாணவர் தாளும் பேனாவும் கொண்டு போடக்கூடிய கணக்கு இது. எட்டுக் கார்பன் கொண்ட ஆக்டனாயிக் அமிலத்தின் மூலக்கூறு எடை 144. அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் உருவாகும்போது 18 எடையுள்ள ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். 144-இலிருந்து 18 போனால் 126. சங்கிலியின் மூன்றாம் இடத்தில் உள்ள ஸெரின் என்ற அமினோ அமிலத்தின் ஹைட்ராக்சில் முனையில் (ஆல்கஹாலில் இருப்பது போன்ற முனை) இந்தக் கொழுப்பு அமிலம் எஸ்டராக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கொழுப்பு வால் இல்லாமல் சாவி பூட்டில் திரும்பாது. ஒரு ஹார்மோன் இப்படிக் கொழுப்பைச் சூடிக்கொண்டு வேலை செய்வதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. 1999-இல் அதற்குக் கிரெலின் என்று பெயரிட்டார்கள். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயிலும் இதே எட்டுக் கார்பன் அமிலம் ஓரளவு உண்டு என்று படித்த நாள் முதல், தாளிக்கும் வாசனை வரும்போதெல்லாம் எனக்கு இந்த 126 நினைவுக்கு வருகிறது. அதற்காகத் தேங்காய் எண்ணெய் குடித்தால் உயரமாகலாம் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம்.

கிரெலின் உணவுக்கு முன் இரத்தத்தில் உயர்ந்து பசியைத் தூண்டுகிறது. ஆகவே இந்த ஆராய்ச்சியின் பயன் உயரத்தில் அல்லாமல் வேறு இடங்களில் கிடைத்தது. புற்றுநோயால் உடல் மெலிந்தவர்களுக்கான அனமொரெலின் 2021-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. எம்கே-0677 இன்றுவரை மருந்தாக அனுமதிக்கப்படவில்லை. பசியையும் இரத்தச் சர்க்கரையையும் கூட்டும் அதை, உடற்பயிற்சிக் கூட இளைஞர்கள் இணையத்தில் வாங்கி விழுங்குவது கவலைக்குரியது.

ஒரு தட்டில் தெரிந்த சிறிய விளைவிலிருந்து கிரெலின்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. மூன்றாண்டுத் திட்டத்துக்குப் பணம் தந்து, முடிவில் என்ன பயன் என்று கேட்கும் நம் நிதி முறையில், பவர்ஸின் ஆய்வு இரண்டாம் தவணையைத் தாண்டியிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

அந்தத் தாயாருக்கு: மாவுக்குச் செலவிடும் பணத்தைச் சேமித்துக்கொண்டு, மகனின் உயரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் குறித்து, தேதியோடு எழுதி வையுங்கள். அந்தக் குறிப்போடு குழந்தை மருத்துவரையோ, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மரின் ஹார்மோன் பிரிவையோ அணுகுங்கள். இடக்கையை எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அவனுடைய அப்பா எந்த வயதில் வேகமாக உயரமானார் என்றும் கேட்பார்கள்.