ஆள்விலை ஈடு: 'அடிமை இழப்பீடு' என்ற தொடர் ஏன் பிழை

'பிரிட்டன் 1833இல் அடிமை முறையை ஒழித்து, அடிமைகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடும் வழங்கியது' என்ற வாக்கியத்தைச் சிறு சிறு மாற்றங்களுடன் மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும் தேர்வுக் குறிப்புகளிலும் காணொளிகளிலும் பலமுறை கண்டுவிட்டேன். கடைசியாகக் கண்டபோது இதைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. அந்த 2 கோடியில் ஒரு காசுகூட அடிமைகளுக்குப் போகவில்லை. முழுத் தொகையும் அவர்களை வைத்திருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அன்றைய பிரிட்டிஷ் அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடாக இருந்த அத்தொகையைத் திரட்ட 1835இல் வாங்கிய கடன், பின்னாளில் வேறு கடன்பத்திரங்களோடு கலந்து, 2015இல்தான் முற்றாக அடைக்கப்பட்டது.

சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். 'காம்பென்சேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேருக்கு, ஒன்றோடொன்று வைத்து எடைபோடுதல் என்று பொருள். தராசின் இரு தட்டுகளும் சமமாகும்படி செய்வது அது. தமிழில் இதற்கு இணையானது 'ஈடு'. கெடு என்பது கேடு ஆவதுபோல், படு என்பது பாடு ஆவதுபோல், இடு என்பது நீண்டு ஈடு ஆயிற்று. ஒன்றுக்குப் பதிலாக இடப்படுவது, ஒப்பானது, அடகாக வைப்பது என்ற பொருள்கள் எல்லாம் இதிலிருந்து வந்தவை. நஷ்டஈடு என்றும் நட்டஈடு என்றும் வழங்கிவந்ததை வடசொல் நீக்கி இழப்பீடு ஆக்கினார்கள். நல்ல சொல்தான். பேருந்து மோதி மகனை இழந்தவருக்கும், சாலைக்கு நிலம் கொடுத்தவருக்கும் அது பொருந்தும்.

சிக்கல் 'அடிமை' என்ற சொல்லோடு அதை ஒட்டும்போது தொடங்குகிறது. 'அடிமை இழப்பீடு' என்பது ஒரு தொகைநிலைத் தொடர். அதில் உருபு மறைந்திருக்கிறது. எந்த உருபு என்பதைப் படிப்பவர்தான் விரித்துக்கொள்ள வேண்டும். 'பயிர் இழப்பீடு' என்றால் யாருக்கும் மயக்கம் வராது, ஏனெனில் பயிர் பணம் வாங்காது; பயிர் அழிந்ததற்காக உழவருக்குக் கொடுக்கும் தொகை என்று உருபையும் பயனையும் சேர்த்து விரித்துக்கொள்கிறோம். அடிமையோ மனிதர். கைநீட்டிப் பணம் வாங்கக்கூடியவர். ஆகவே நியாய உணர்வுள்ள எந்த வாசகரும் 'அடிமைக்கு இழப்பீடு' என்று நான்காம் வேற்றுமையில்தான் விரிப்பார். 1833ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் விரித்ததோ பயிர் இழப்பீட்டை விரிப்பதுபோல. இந்தப் பணத்தைப் பங்கிட்ட ஆணையத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் காம்பென்சேஷன் கமிஷன்' என்று பெயர் எழுதியபோது அங்கேயும் இந்த மயக்கம் உண்டு. ஆனால் பொருள் தெரிந்து பெயர்க்க வேண்டிய மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு, அடுத்த வரியில் மயக்கத்தைத் தானே தீர்ப்பதாக எண்ணி 'அடிமைகளுக்கு' என்று உருபை வெளிப்படையாகவே சேர்த்துவிடுகிறார். தொகையில் மயக்கமாக இருந்தது, விரியில் பொய்யாகிவிடுகிறது.

இதைச் சுட்டிக்காட்டினால் சிலர் 'அடிமை உரிமையாளர் இழப்பீடு' என்று திருத்துகிறார்கள். யார் வாங்கினார் என்பது இதில் தெளிவாகிவிடுகிறது. அந்த அளவில் இது மேல். ஆயினும் இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 'உரிமையாளர்' என்பது நாம் வீட்டுக்கும் வாகனத்துக்கும் சொல்லும் சொல். அதோடு 'இழப்பு' சேரும்போது, முறைப்படி தமக்குரிய ஒன்றைப் பறிகொடுத்தவர்கள் என்ற எண்ணம் எந்த வாதமும் இல்லாமல் வாசகர் மனத்தில் இறங்கிவிடுகிறது. அது அன்றைய கரும்புத் தோட்ட முதலாளிகள் தங்கள் தரப்பில் வைத்த வாதம். 'நிவாரணம்' என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். வெள்ளத்தில் வீடு போனவருக்குரிய சொல் அது. கயானாவிலும் ஜமைக்காவிலும் 2,500க்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்து, அவர்களுக்காக 1 லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்ற தோட்ட முதலாளி ஜான் கிளாட்ஸ்டனுக்கு நிவாரணம் என்று எழுதக் கை கூச வேண்டும்.

இழப்பீடு என்பது நடுநிலையான சட்டச்சொல், அதில் அறம் தேட வேண்டியதில்லை என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நான் அறத்தை முன்வைத்து மட்டும் மறுக்கவில்லை. அந்தத் தொகை எப்படிக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். 1822 முதல் 1830 வரை ஒவ்வொரு குடியேற்ற நாட்டிலும் ஆட்கள் என்ன விலைக்கு விற்கப்பட்டார்கள் என்று சராசரி எடுத்து, வயது, வேலை வாரியாக வகை பிரித்து, ஆளுக்கு இவ்வளவு என்று விகிதம் வைத்தார்கள். கயானாவில் ஓர் ஆளுக்குக் கிடைத்தது ஜமைக்காவில் கிடைத்ததைப்போல் இரு மடங்குக்கும் மேல், ஏனெனில் அங்கே சந்தை விலை அதிகம். ஆகவே அங்கே ஈடு செய்யப்பட்டது விலை. சொல்லும் அதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு நம்மிடமே சொல் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில், மனிதர்களை விற்று எழுதிக்கொண்ட ஆவணத்துக்கு 'ஆள்விலைப் பிரமாண இசைவுத் தீட்டு' என்று பெயர். ஆள் என்பதற்கு அடிமை என்ற பொருள் நெடுங்காலமாக உண்டு. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் கிழவேதியர் காட்டும் அடிமைச் சீட்டும் ஆளோலைதான். எனவே அடிமைகளை வைத்திருந்தோருக்குக் கொடுத்த தொகையை 'ஆள்விலை ஈடு' என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. தொகைநிலைத் தொடராக நின்றாலும் மயங்காது: ஆளின் விலைக்கு ஈடு. வாங்கியவர் விற்கத்தக்க ஒன்றாக ஆளை வைத்திருந்தவர் என்பது சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. வாங்கியவரைக் குறிக்க 'ஆண்டை' என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். அது தஞ்சை மண்ணின் பண்ணையாள் வாழ்வோடு மிக நெருங்கிய சொல். கரும்புத் தோட்டத்துக்கு அதைக் கொண்டுபோனால் இரண்டு வரலாறுகளும் கலங்கிவிடும். 'அடிமை வைத்திருந்தோர்' என்று நேராக எழுதினால் போதும்.

இந்த வேறுபாடு இன்று தேவைப்படுவதற்கு இன்னொரு காரணம், 2013இல் கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு ஓர் ஆணையம் அமைத்து அடிமை முறைக்காக ஐரோப்பிய அரசுகளிடம் கேட்டுவரும் 'ரெபரேஷன்ஸ்'. நம் செய்திகள் அதையும் இழப்பீடு என்றே எழுதுகின்றன. அது சரிதான், உண்மையில் இழந்தவர்களின் வழித்தோன்றல்கள் கேட்கிறார்கள். ஆனால் 1833க்கும் அதே சொல்லைப் போட்டால், 'ஏற்கெனவே கொடுத்தாயிற்றே, மறுபடி எதற்குக் கேட்கிறார்கள்' என்று வாசகர் கேட்பார். அப்படிக் கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

1833ஆம் ஆண்டுச் சட்டப்படி பணம் கேட்டு அடிமை வைத்திருந்தோர் கொடுத்த 'கிளெய்ம்' என்பதைக் 'கோரிக்கை' என்பதும் தளர்வான பெயர்ப்பு. கோரிக்கையை இரந்தும் கேட்கலாம். இங்கே சட்டம் தந்த உரிமையை ஆவணம் காட்டிக் கேட்டார்கள். தோட்டத்தை அடகு பிடித்திருந்தவர்களும் வாரிசுகளும் எதிர்மனு போட்டார்கள். 'உரிமைகோரல்' என்பதே பொருந்தும்.

ஆள்விலை ஈடு என்ற சொல்லை எல்லா இடத்துக்கும் நீட்டிவிடவும் கூடாது. 1862இல் வாஷிங்டன் நகரில் அடிமை வைத்திருந்தோருக்கு ஆளுக்கு 300 டாலர் வரை கொடுத்ததற்கு அது பொருந்தும். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை நிறுத்தி, தன்னிடமிருந்து விடுபட்ட ஹெய்ட்டியிடம் விதித்த 15 கோடி பிராங்கில் (1838இல் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது) நிலமும் சேர்ந்திருந்ததால் முழுதும் பொருந்தாது. அதைப் 'போர் இழப்பீடு' என்று எழுதுவதோ அதைவிடப் பெரிய பிழை. 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் வெளிப்படையாக விலக்கி வைத்தது. இந்தியாவுக்கென்று வந்த 1843ஆம் ஆண்டு 5ஆம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றதோடு நின்றது. யாருக்கும் எந்தத் தொகையும் தரவில்லை. அங்கே இச்சொல்லுக்கு இடமே இல்லை.